எந்தத் தண்ணி

ஸ்ரான்லி வீதியில் வாங்கிய சின்னத் தராசு,
தங்கம் நிறுக்கிற சாதி.
கிராமுக்குப் பிறகு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம்.
மின்விசிறி சுழன்றால் அந்த இலக்கம் நடுங்கும்.
அதை நிற்பாட்டிவிட்டு
வேர்க்க வேர்க்கத்தான் முதல் கலவையை நிறுத்தேன்.

துளசி மூன்று. சேரைப்புல் இரண்டரை.
வேர்க்கொம்பு அரைக்கும் கீழே.
குகதாசன் ஒரு மிடறு குடித்துவிட்டு
"ஆருக்குக் காய்ச்சல்?" என்றான்.

துளசியைப் பாதியாக்கினேன்.
அப்போதும் காய்ச்சல் விட்டபாடில்லை.

கற்பூரவள்ளி
தடித்த இலைக்குள் ஈரத்தை ஒளித்துவைத்து
நாலாம் நாள் போத்தலுக்குள் பூஞ்சணம் பூத்தது.
நறுக்காத சேரைப்புல்
யாழ்தேவியில் கால் நீட்டிப் படுத்த ஆள் மாதிரி
மற்றவர்களை இருக்கவிடவில்லை.
பாரமானது அடியில் இறங்கும், பூ மேலே மிதக்கும்;
முதல் கோப்பைக்கு வாசம் முழுதும்
கடைசிக் கோப்பைக்குத் தூசு.
எல்லாம் ஒரே பருமனாக இருக்கவேணும் என்று விளங்க
ஓர் ஆவணி மாதம் செலவாயிற்று.

பிறகு நிறத்துக்கு ஆசைப்பட்டேன்.

கோண்டாவிலில் செவ்வரத்தை இல்லாத வேலி எது?
விடிய சாமிக்குப் பறித்தது போக மிச்சம் எனக்கு.
காம்பு வேண்டாம், மகரந்தம் வேண்டாம், இதழ் மட்டும்.
காய்ந்து கருஞ்சிவப்பாய்
கூறைச்சேலைக் கரை போல் சுருண்டு கிடந்தது.
கொதிதண்ணி ஊற்றினேன்.
ஊதா.
பார்த்திருக்க ஊதா சாம்பலாகி
பிள்ளைகள் மைப்போத்தல் கழுவிய தண்ணி.

வெயில் கூடிப்போச்சு என்றேன்.
பிந்திப் பறித்தேன் என்றேன்.
வேறு வேலிக்குப் போனேன். அங்கேயும் சாம்பல்தான்.

மிச்சத்தைத் தபாலுறையில் போட்டு
ஹட்டனுக்கு அனுப்பினேன், சந்திரமலருக்கு.
கலாசாலையில் என் பக்கத்துக் கட்டில்.
அவளுடைய தம்பி தேயிலைத் தொழிற்சாலையில்
நாக்கால் சம்பளம் எடுக்கிறவன்.
படம் வந்தது: கண்ணாடிக் குவளை, பின்னால் மழை,
உள்ளே றோசாச் சிவப்பு.
கீழே ஒரு வரி:
"தம்பி கேக்கிறான், உங்க ஊர்ல எந்தத் தண்ணி?"

எந்தத் தண்ணி.

கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தேன்.
வெள்ளைத் தோல் உரிந்து கிடந்தது.
சவர்க்காரத்தை நுரைக்கவிடாத கல்,
பருப்பை அவியவிடாத கல்,
வினாகிரி ஊற்றி மாதாமாதம் நான் சுரண்டுகிற கல்.
சுண்ணாம்புக்கல்லின் முதுகில் இருக்கிறோம் என்று
ஆறாம் வகுப்புக்கு வரைபடத்தைத் தட்டித் தட்டிச்
சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.
என் கொப்பியில் இலைக்கெல்லாம் நிறை இருந்தது,
தண்ணிக்கு மட்டும் "ஒரு கோப்பை".

கடைப் போத்தல் தண்ணியில் போட்டால் சிவந்தது.
ஆனால் காசு கொடுத்த தண்ணியைக் குடிக்கவா
இவ்வளவு காலம் இலை காயவைத்தேன்?
தேசிக்காய் பிழிந்தேன்; சிவந்தது,
தேசிக்காயைத் தவிர வேறு வாசம் இல்லை.
பள்ளிக்கூடப் பின்மதிலோரம் புளி துளிர்த்திருந்தது.
கொழுந்தை உருவி நிழலில் உலர்த்தி
ஒன்றே கால் கிராம்.

மூடியைத் திறந்தபோது
விளிம்பிலிருந்து நடுவுக்குச்
சிவப்பு மெல்ல நடந்து போனது.
குகதாசன் இரண்டாம் கோப்பை கேட்டான்,
பால் விடேலாதோ என்றும் கேட்டான்.

ஹட்டனுக்கும் ஒரு பொதி போனது.
"ஐயோ, பல்லுக் கூசுதடி" என்று பதில்.
எனக்கு நல்ல சந்தோஷம்.

கொப்பியில் புதிதாய் ஒரு நிரல் கீறி எழுதினேன்:
வீட்டுக் கிணறு. மாசி. நாலு படி வற்று.
மாரியில் நிறைந்ததும்
புளியை மறுபடி நிறுக்கவும்.